கிரிப்டோ அக்கவுண்ட்டுக்கு எந்த டூ ஃபேக்டர் போடறது?

பேங்க்ல காசு போச்சுன்னா சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிக்கலாம், ஃப்ரீஸ் பண்ணி கொஞ்சமாச்சும் திரும்ப வர சான்ஸ் இருக்கு. பிட்காயின் வேற வாலட்டுக்குப் போய் கன்ஃபர்ம் ஆயிடுச்சுன்னா ரிவர்ஸ் பண்ண பட்டனே கிடையாது. அதனால எக்ஸ்சேஞ்ச்ல (காயின் வாங்கி விக்கற சைட்) அக்கவுண்ட் ஓப்பன் பண்ணா காயின் வாங்கறதுக்கு முன்னாடி செக்யூரிட்டி செட்டிங்ஸ்க்குப் போயிடுங்க, டூ ஃபேக்டர், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல கேக்கற ரெண்டாவது பூட்டு, அங்கதான் இருக்கும்.

எஸ்எம்எஸ் ஓடிபி இருக்கறதுலயே வீக்கு. உங்க நம்பருக்கு எவனாச்சும் டூப்ளிகேட் சிம் வாங்கிட்டா உங்க போன்ல சிக்னல் போயிடும், ஓடிபி அவன் போனுக்குப் போகும், அவ்ளோதான். 2024 ஜனவரில அமெரிக்காவோட எஸ்இசி, அதாவது பங்குச் சந்தைய கண்காணிக்கற அமைப்பு, அவங்க எக்ஸ் அக்கவுண்ட்டையே திருடனுங்க இப்படி சிம் ஸ்வாப் பண்ணி புடிச்சு பிட்காயின் ஈடிஎஃப்க்கு (பங்கு மாதிரி சந்தைல வாங்கி விக்கற பிட்காயின் ஃபண்டு) அப்ரூவல் குடுத்தாச்சுன்னு பொய்யா போஸ்ட் போட்டுட்டாங்க. கூத்து என்னன்னா அந்த அக்கவுண்ட்ல டூ ஃபேக்டர் ஆஃப்ல இருந்துச்சு.

அடுத்தது ஆத்தென்டிகேட்டர் ஆப், 30 செகண்டுக்கு ஒரு தடவ மாறற 6 நம்பர். சிம்முக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, ஏரோபிளேன் மோட்லகூட வரும், ஏன்னா க்யூஆர் ஸ்கேன் பண்றப்பவே ஒரு சீக்ரெட் கீ போன்ல உக்காந்துடுது, அதையும் டைமையும் வச்சு போனே கணக்கு போட்டுக்குது. அந்த கீ க்யூஆருக்குக் கீழ எழுத்தாவும் காட்டும், பேப்பர்ல எழுதி வைங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்தீங்கன்னா அது கேலரியோட சேர்ந்து கிளவுடுக்குப் போயிடும். கூகுள் ஆத்தென்டிகேட்டர்ல 2023 ஏப்ரல்லேர்ந்து கோட கூகுள் அக்கவுண்ட்ல சேத்து வைக்கற சிங்க் வசதி இருக்கு, போன் தொலஞ்சா நல்லதுதான், ஆனா ஜிமெயில் போனா கோடும் சேர்ந்து போகும், நான்னா ஆஃப் பண்ணிடுவேன். இதுல ஓட்டை எங்கன்னா, ஃபேக் சைட்ல நீங்களே அந்த 6 நம்பர டைப் பண்ணிட்டா அவன் அதே நிமிஷம் நிஜ சைட்ல போட்டு உள்ள போயிடுவான்.

பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா போன் லாக்க வச்சே உள்ள போறது), யூபிகீ மாதிரி செக்யூரிட்டி கீ (யூஎஸ்பில சொருகற குட்டி சாவி) இதெல்லாம் அங்கதான் ஜெயிக்குது. எந்த டொமைன்ல ரிஜிஸ்டர் பண்ணமோ அங்க மட்டும்தான் வேலை செய்யும், ஒரு எழுத்து மாறின சைட்ட உங்க கண்ணு கவனிக்கலன்னாலும் கீ கவனிச்சுடும். பெரிய தொகை வச்சிருந்தா இதுக்குப் போங்க, யூபிகீன்னா ரெண்டு வாங்கி ரெண்டையும் ரிஜிஸ்டர் பண்ணுங்க, முதல்ல உங்க எக்ஸ்சேஞ்ச் சப்போர்ட் பண்ணுதான்னு பாத்துட்டு வாங்குங்க, வெல கம்மி இல்ல.

இப்ப நெறைய பேர் கோட்ட விடற எடம். யூபிகீ போட்டுட்டு எஸ்எம்எஸ்ஸையும் பேக்கப்பா ஆன்லயே விட்டுருப்பாங்க. திருடன் கீ கேக்கறப்ப 'வேற வழில ட்ரை பண்ணு'ன்னு இருக்கறத அமுக்கி எஸ்எம்எஸ்க்குப் போயிடுவான், நீங்க செலவு பண்ணது தண்டம். லாக் அவுட் பண்ணிட்டு 'ஃபர்காட் பாஸ்வேர்ட்' நீங்களே அமுக்கி எது எது கேக்குதுன்னு பாருங்க (சில எக்ஸ்சேஞ்ச்ல பாஸ்வேர்ட் மாத்தினா 24 மணி நேரம் வித்ட்ராவல் நிப்பாட்டுவாங்க, பயந்துடாதீங்க). மெயிலுக்கு வர்ற லிங்க்கே போதும்னா மொதல்ல அந்த மெயிலுக்கு பாஸ்கீ போடுங்க. வித்ட்ராவல் ஒயிட்லிஸ்ட் இருந்தா ஆன் பண்ணுங்க, உள்ள வந்தவனும் நீங்க முன்னாடியே பதிஞ்சு வச்ச வாலட் அட்ரஸ்க்கு மட்டும்தான் அனுப்ப முடியும்.

காயின எக்ஸ்சேஞ்ச்ல வைக்காம சொந்த வாலட்ல வச்சிருந்தா இந்தக் கதையே வேற, ரீசெட்டும் இல்ல கஸ்டமர் கேரும் இல்ல, வாலட் ஆரம்பிக்கறப்ப சாவியா குடுக்கற 12 இல்லன்னா 24 வார்த்தை யார் கைல இருக்கோ காசு அவங்களோடது. ஹார்ட்வேர் வாலட் (அந்த சாவிய உள்ளயே வச்சிருக்கற குட்டி மெஷின்) வாங்கினா அதோட குட்டி ஸ்கிரீன்ல வர்ற அட்ரஸயும் தொகையயும் படிச்சுட்டு அப்ரூவ் அமுக்குங்க, லேப்டாப் ஸ்கிரீன நம்பாதீங்க. 2025 பிப்ரவரில பைபிட்ங்கற எக்ஸ்சேஞ்ச்ல கிட்டத்தட்ட 150 கோடி டாலர் போனது இப்படித்தான், பல பேர் சேர்ந்து அப்ரூவ் பண்ற செட்டப்தான் அது, ஆனா அவங்க கம்ப்யூட்டர்ல பாத்தது ஒண்ணு, சைன் ஆனது வேற ஒண்ணு.