சியோலில் ஒரு ஜனவரி நாள்: கோலாலம்பூர் தம்பதிகளுக்கு

கேமரன் மலைக்குப் போட்டுப்போகும் ஸ்வெட்டர் சியோலில் வேலைக்கு ஆகாது. ஜனவரியில் அங்கே விடியற்காலையில் மைனஸ் 5, 6 டிகிரி சாதாரணம். குளிரலை வந்தால் மைனஸ் 15 வரை இறங்கும். மதியத்தில் சராசரியாக 2 டிகிரிதான். இருந்தாலும் நாளைச் சரியாக அடுக்கிக்கொண்டால் இரவு வரை சுற்றலாம். ஒன்றரை மணி நேரம் வெளியே, அரை மணி நேரம் சூடான இடத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரில் யாருக்கு முதலில் குளிர்கிறதோ, அவர் சொல்லும் நேரத்துக்கு இருவரும் உள்ளே போய்விட வேண்டும். விரல் மரத்த பிறகு கடை தேடினால், உடம்பு மீண்டும் சூடேறுவதற்குள் பகல் பாதி போய்விடும்.

உடுப்பு

தோலை ஒட்டி தெர்மல், நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத, இறகு அடைத்த ஜாக்கெட். தொடை மறையும் நீளத்தில் இருந்தால் நல்லது. பருத்தி பனியன் வேண்டாம். ரயிலில் வியர்த்ததும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, வெளியே வந்தவுடன் முதுகைச் சில்லிட வைக்கும். ஜாக்கெட்டை ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொடுத்து வாங்கத் தேவையில்லை, பழைய துணி விற்கும் பண்டல் கடைகளில் தேடினால் நல்லதே கிடைக்கும். வாங்குமுன் ஜிப்பை மேலும் கீழும் பலமுறை இழுத்துப் பாருங்கள். பழைய ஜாக்கெட்டில் முதலில் போவது அதுதான்.

சப்பாத்து அரை அளவு பெரிதாக இருக்கட்டும், உள்ளே ஒரே ஒரு கம்பளிக் காலுறை. தடித்த காலுறை இரண்டை மாட்டினால் கால் இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து, இன்னும் அதிகமாகக் குளிரும். பெண்கள் உலோக ஜிமிக்கியை அறையிலேயே கழற்றி வைத்துவிடுவது நல்லது, காது மடல் எரியும். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் முடி இறக்கிவிட்டு வருபவருக்குக் காதை மூடும் கம்பளிக் குல்லா கட்டாயம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் வெளியே வராது, அகன்ற டப்பாவில் ஊற்றிக்கொள்ளுங்கள். உதட்டுக்கு வாசலின்.

வெப்பப் பொட்டலம் அங்கே எல்லா மினி மார்க்கெட்டிலும் கிடைக்கும். உள்ளே இருக்கும் இரும்புத் தூள் காற்றுப் பட்டுத்தான் சூடாகும் என்பதால், கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே உறையைப் பிரித்துவிடுங்கள். ஒட்டும் வகையை இடுப்பின் பின்பக்கம், உள்ளாடைக்கு மேல் ஒட்ட வேண்டும். தோலில் நேராக ஒட்டினாலோ, அதோடு தூங்கிவிட்டாலோ மெதுவாகத் தோல் வெந்து கொப்புளம் வரும்.

கைப்பேசியை ஜாக்கெட்டின் உள்பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி 40 விழுக்காடு காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடக்கூடும், சூடானதும் உயிர் வரும். கூகல் மேப்ஸ் அங்கே நடைவழி காட்டுவதில் நம்பகமில்லை. நேவர் மேப்பை இங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

காலை

ஏழே முக்காலுக்குத்தான் விடியும். அவசரப்படாமல் பசியாறிவிட்டு ஒன்பதரைக்குக் கிளம்புங்கள். ரயிலுக்கு டி-மணி அட்டை வாங்கி, ரொக்கம் போட்டுக்கொள்ளுங்கள். 3ஆம் வழித்தடத்தில் கியோங்போக்குங் நிலையம், 5ஆம் வாசல். 1395இல் கட்டிய அரண்மனை அது. 1592 போரில் எரிந்து, 19ஆம் நூற்றாண்டில்தான் மீண்டும் எழுந்தது. நுழைவு 3,000 வோன், கொரியப் பாரம்பரிய உடையான ஹன்போக் உடுத்தி வந்தால் இலவசம். செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். அன்று சாங்தொக்குங் அரண்மனைக்குப் போகலாம், அதற்குத் திங்கள்தான் விடுமுறை.

ஹன்போக் வாடகைக்கு எடுப்பதானால் தெர்மலைக் கழற்றாமல் அதன் மேலேயே உடுத்துங்கள். காவலர் மாறும் சடங்கு 10 மணிக்கும் 2 மணிக்கும் நடக்கும், கடுங்குளிரில் ரத்தாகலாம். முற்றம் பரந்த வெளி என்பதால் காற்று தடையில்லாமல் அடிக்கும். படம் எடுக்க ஒருவர் கையுறையைக் கழற்றினால் மற்றவர் வெப்பப் பொட்டலத்தைத் தயாராக வைத்திருக்கட்டும். குளிர் ஏறியதும் 5ஆம் வாசல் பக்கத்திலேயே உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள், அங்கே கட்டணமில்லை.

மதியம்

சைவர்கள் உணவில் கவனமாக இருக்க வேண்டும். புளிக்கவைத்த காய்கறியான கிம்சியில் பெரும்பாலும் இறால் விழுதோ மீன் சாறோ சேர்ந்திருக்கும், சூப்பில் நெத்திலி. காய்கறி சேர்த்துக் கலந்து சாப்பிடும் சோறான பிபிம்பாப்பை இறைச்சியும் முட்டையும் இல்லாமல் கேட்டு வாங்கலாம். தெருவில் விற்கும் புங்கொப்பாங் மீன் வடிவில் இருந்தாலும் உள்ளே இருப்பது சிவப்புப் பயறு இனிப்பு. ஹொத்தொக் கிடைத்தால் விடாதீர்கள். மாவுக்குள் பழுப்புச் சர்க்கரை பாகாக உருகிக் கிடக்கும். ஓரத்தில் சின்னதாகக் கடித்து ஆவியை வெளியே விட்டுவிட்டு, ஒரு நிமிடம் பொறுத்துச் சாப்பிடுங்கள். நடுவில் கடித்தால் பாகு வழிந்து உதட்டைச் சுட்டுவிடும், கையுறையும் பாழ்.

சாப்பிட்டபின் புக்சோன் பழைய வீடுகள். அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள், மெதுவாகப் பேசுங்கள். கூட்டம் மொய்க்கும் பகுதியில் காலை 10 முதல் மாலை 5 வரைதான் சுற்றுப்பயணிகளுக்கு அனுமதி, மீறினால் அபராதம். சரிவில் நிழல் விழும் பக்கம் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி படிந்திருக்கும். வெயில் பக்கமாகவே, சிறு அடி வைத்து, கையைப் பைக்குள் விடாமல் நடங்கள்.

மாலை

ஐந்தரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும், நாலே முக்காலுக்கு நம்சான் மலை மேல் இருங்கள். அங்குள்ள சியோல் கோபுரத்தின் அடியில் காதலர்கள் பூட்டு மாட்டும் வேலி உண்டு. பூட்டை முன்கூட்டியே வாங்கிப் பெயரையும் எழுதிவிடுங்கள், மேலே பேனா மை குளிரில் தகராறு செய்யும். பலத்த காற்றில் மலைக்குப் போகும் கேபிள் கார் ஓடாது, அப்போது 01 என்று தொடங்கும் எண் கொண்ட பேருந்து. காற்றோடு கூடிய கடுங்குளிர் நாளில்தான் நகரம் துல்லியமாகத் தெரியும். குளிர் தணிந்த நாள்களில் தூசு மூட்டம் கவிந்துவிடும், அதனால் முன்னறிவிப்பைப் பார்த்து மலைக்கு அந்தக் குளிர்ந்த நாளையே ஒதுக்குங்கள்.

சீனப் புத்தாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கு ஒன்று: பெரும்பாலும் அதே நாளில்தான் அங்கே ‘சொல்லால்’ எனும் கொரியப் புத்தாண்டுப் பண்டிகையும். அரண்மனை திறந்திருக்கும், சிறு உணவுக்கடைகள் பல மூடிவிடும். அன்றைய இரவுச் சாப்பாட்டுக்கு முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.