வெளிமாநிலத் தொழிலாளருக்கு உடம்பு சரியில்லையா? நாம் செய்யக்கூடாத தவறுகள்

சென்னை ஓஎம்ஆர் கட்டட வேலைகளிலும் அம்பத்தூர் பட்டறைகளிலும் ஓட்டல் சமையலறைகளிலும் பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். உடம்புக்கு ஏதாவது என்றால் அவர்கள் முதலில் கேட்பது மேஸ்திரியையோ வீட்டுக்காரரையோதான். அந்த நேரத்தில் நாம் சொல்லும் ஒரு தப்பான வார்த்தை அவர்களுடைய சிகிச்சையை வாரக்கணக்கில் தள்ளிப்போட்டுவிடும்.

"உனக்கு இங்கே ரேஷன் கார்டு இல்லை, பெரியாஸ்பத்திரியில் பார்க்க மாட்டாங்க" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ராஜீவ் காந்தி பொது மருத்துவமனையோ ஸ்டான்லியோ, ஓபி சீட்டு வாங்க எந்த மாநிலத்துக்காரர் என்பது தடையில்லை. ரேஷன் கார்டைக் கேட்பது முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு. அதிலும், ஆறு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வசிக்கும் வெளிமாநிலத்தவர் உரிய அதிகாரியின் சான்றோடு சேர முடியும். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. புழல், கும்மிடிப்பூண்டி முகாம்களில் தெரிந்தவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள். பலர் பணம் கட்டிக்கொண்டே அந்த வசதியைப் பயன்படுத்தாமல் இருக்கிறார்கள்.

அடுத்தது இருமல். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லையா? மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்து வேலைக்கு அனுப்பாதீர்கள். சில ஆன்டிபயாடிக்குகள் காசநோயைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். உடம்பு தேறியதுபோல் தெரியும், நோய் உள்ளே வளரும், ஒரே அறையில் நெருக்கியடித்துப் படுக்கும் மற்றவர்களுக்கும் பரவும். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் சளிப் பரிசோதனைக்கு வழி செய்வார்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் என்று உறுதியானால், சிகிச்சை நடக்கும்வரை சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500 ரூபாயாக இருந்தது.

சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். இடையில் சட் பூஜை என்ற பீகார் பண்டிகைக்கோ அறுவடைக்கோ ஊருக்குப் போகிறவர்கள் மருந்தை விட்டுவிடுவதுதான் பெரிய ஆபத்து. அப்படி விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாக மாறக்கூடும். கிளம்பும் முன் சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும், நிக்ஷய் எண்ணை (காசநோயாளிகளுக்கான அரசுப் பதிவு எண்) வைத்து சொந்த ஊரிலேயே மருந்து தொடரும்.

மொழிபெயர்க்க மேஸ்திரியையே உள்ளே அனுப்புவதும் தப்பு. சம்பளம் கொடுப்பவர் பக்கத்தில் நின்றால், குடிப்பழக்கத்தையோ வேலையில் பட்ட அடியையோ யார் வாய் திறந்து சொல்வார்கள்? வெள்ளைப்படுதல், கருக்கலைப்பு பற்றிக் கணவனோ பத்து வயது மகனோ மொழிபெயர்த்தால் அந்தப் பெண் பாதியை விழுங்கிவிடுவாள். அவர்கள் மொழி தெரிந்த, அவர்கள் நம்பும் ஒருவரை போனில் ஸ்பீக்கரில் போடுங்கள். நீங்களே சொல்வதென்றால் "வயிற்று வலி" என்று சுருக்காமல், எத்தனை நாளாக, என்ன மாத்திரை ஏற்கெனவே போட்டார், கர்ப்பமா என்பதையும் சொல்லுங்கள். மாத்திரை அட்டையில் காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா வரைந்து கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளை "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்" என்று அனுப்பாதீர்கள். கிராம, நகர சுகாதார செவிலியரிடம் பதிந்து ஆர்சிஎச் எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் குழந்தையின் பிறப்புப் பதிவுக்கு அதைக் கேட்பார்கள்.

அப்புறம், தூக்கம் வராமல், யாரோடும் பேசாமல் ஒருவர் ஒடுங்கிக் கிடந்தால் "திமிர்" என்று ஒதுக்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழைத்தால் இந்தி, வங்காளம் உட்படப் பல மொழிகளில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். அந்த எண்ணை அவருடைய போனிலேயே சேமித்துக் கொடுங்கள்.