ஆள் குறையப் போகுது, ஏலக்காய்த் தோட்டமும் வீடும் இப்பவே தயாராகுறது எப்படி

கம்பம், போடி பக்கம் இருந்துக்கிட்டு மேல கேரளாவுல இடுக்கி மாவட்டத்துல ஏலக்காய்த் தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு இது. ஆள் கிடைக்கல, எல்லாம் திருப்பூர் போயிட்டாங்கன்னு சொல்றோம், ஆனா அது பாதிதான், பொறப்பே குறைஞ்சிருச்சு. 2019-21 குடும்ப நல சர்வேல தமிழ்நாடு, கேரளா ரெண்டுலயும் ஒரு பொண்ணுக்கு சராசரி 1.8 குழந்தை, ஜனத்தொகை இறங்காம நிக்கவே 2.1 வேணும். இடுக்கில 2001-ல 11.29 லட்சம் பேர் இருந்தாங்க, 2011-ல 11.09 லட்சம்.

மொதல்ல ஒரு நோட்டுல உங்க தோட்டத்துக்கு வர்றவங்க வயசு எல்லாம் எழுதுங்க. அவங்க பிள்ளைங்க இந்த வேலைக்கு வருவாங்களான்னும் கேட்டு எழுதுங்க. அம்பது தாண்டினவங்கதான் ஜாஸ்தின்னா இனி தள்ளிப்போட முடியாது.

அப்புறம் வேலையப் பிரிங்க. களைக்கு, மருந்துக்கு மெஷின் இருக்கு, தண்ணிக்கு சொட்டுநீர் இருக்கு, அதுக்கு ஆள வீணாக்காதீங்க. காய் எடுக்குறதுதான் கஷ்டம், ஒரே சரத்துல பழுத்ததும் பிஞ்சும் சேந்து கிடக்கும், கண்ணால பாத்து பழுத்தத மட்டும் எடுக்கணும், சீசன்ல ஒரு மாசம் ஒன்றரை மாசத்துக்கு ஒருக்கா அதே செடிக்குத் திரும்ப வரணும், இதுக்கு கை பழகணும். அதனால நல்லா எடுக்குற அக்காமாருக்கு முட்டி வலி வந்துட்டா வீட்டுக்கு அனுப்பிடாதீங்க, புதுசா வர்றவங்களுக்குச் சொல்லித்தர வைங்க, காய் காய வைக்கிற ஸ்டோர்ல உக்காந்து தரம் பிரிக்கிற வேலை குடுங்க, கூலிய மட்டும் குறைக்காதீங்க. ஜீப்ல ஆள அடைச்சு ஏத்துறதையும் விடுங்க, அது உசுர் விஷயம்.

வடக்க இருந்து வந்துக்கிட்டே இருப்பாங்கன்னு நம்பி உக்காந்துறாதீங்க. அதே சர்வேல மேற்கு வங்கம் 1.6, நம்மள விடக் கம்மி! அங்கயும் ஆள் குறையத்தான் போகுது. ஒழுகாத லயம் (தோட்டத்து ஆளுங்க தங்குற வரிசை வீடு), கக்கூஸ், பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடம், இதெல்லாம் பண்ணிக் குடுக்குற தோட்டத்துலதான் அடுத்த வருஷமும் குடும்பத்தோட நிப்பாங்க. வெளிமாநில ஆளுங்களுக்கு கேரளா 2017-ல கொண்டுவந்த ஆவாஸ் இன்சூரன்ஸ் இருக்கு, அதுல அவங்க பேரப் பதிய கூடப் போய் உதவுங்க.

கடைசியா வீடு. ஒரு பிள்ளை ரெண்டு பிள்ளைதான், அதுவும் வெளியூர்ல. அப்பா அம்மா படுத்துட்டா மருமகளோ மகளோ வேலைய விட்டு நிக்குறாங்க, ஊர்ல இன்னொரு ஆள் குறையுது, அவங்க சம்பாத்தியமும் போகுது. அதனால அவங்க நல்லா இருக்கும்போதே அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எல்லாரும் உக்காந்து யார் எவ்வளவு பணம் போடுறதுன்னு பேசி முடிங்க, தெருவுலயே தெரிஞ்ச ஒருத்தருக்கு மாசச் சம்பளம் பேசி வைங்க. சுகர், பிரஷர் மாத்திரை தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வருது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டு அவங்க பேரச் சேத்துருங்க.