ஹாங்–ஓ–மாண்டல் பள்ளத்தை ஆய்வகத்தில் காண்பது எப்படி?

ஒரு படிகத்தில் ஒன்றாகப் பிறந்த இரண்டு ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்), பாதிக்குப் பாதி பிரிக்கும் ஒளிக்கற்றை பிரிப்பானின் இரு பக்கங்களை ஒரே நேரத்தில் வந்தடைந்தால், இரண்டும் சேர்ந்தே ஏதாவதொரு வழியில் வெளியேறும் என்பதை ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹாங், ஓ, மாண்டல் ஆகிய மூவரும் 1987-இல் காட்டினர். இரண்டும் எதிரொளிப்பது, இரண்டும் ஊடுருவுவது என்னும் இரு வாய்ப்புகளும் மேற்பொருந்தி ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், இருபுற டிடெக்டர்களும் ஒருசேரப் பதியும் எண்ணிக்கை சரிகிறது. அந்தச் சரிவே பள்ளம்.

405 நானோமீட்டர் லேசரைப் பிபிஓ (பீட்டா பேரியம் போரேட்) படிகத்தில் செலுத்தி, 810 நானோமீட்டர் ஃபோட்டான் இணைகளைப் பெறுங்கள். டிடெக்டர்களுக்கு மின்சாரம் கொடுக்கும் முன் அறை விளக்குகளை அணைத்துவிட வேண்டும். டிடெக்டர்கள் சாதாரண வெளிச்சத்திலேயே பழுதாகிவிடலாம். ஒரு பாதையில் அரையலைத் தகட்டை (ஒளியின் தளவிளைவை, அதாவது அதன் அதிர்வுத் திசையைத் திருப்பும் தகடு) தொடக்கத்திலேயே சுழியக் கோணத்தில் பொருத்திவிடுங்கள். பிறகு செருகினால் கண்ணாடியின் தடிமனே பாதை நீளத்தை மாற்றிவிடும்.

உண்மையான பாடு, இரு பாதைகளையும் சமமாக்குவதில்தான் இருக்கிறது. 10 நானோமீட்டர் அகல அலைநீளப் பட்டையை மட்டும் விடும் வடிகட்டி வைத்தால், ஓரியல் நீளம் (குறுக்கீடு தெரியக்கூடிய பாதை வேறுபாட்டின் அளவு) சுமார் 65 மைக்ரோமீட்டர்தான். அளவுகோலால் அளந்து மில்லிமீட்டர் வரை நெருங்கினாலும் பள்ளம் எங்கோ ஒளிந்திருக்கும். ஆகவே முதலில் 3 நானோமீட்டர் வடிகட்டியைப் பயன்படுத்துங்கள்: எண்ணிக்கை குறையும், ஆனால் பள்ளம் மும்மடங்குக்கு மேல் அகலமாகிக் கண்ணில் படும். இடம் தெரிந்தபின் அகல வடிகட்டிக்கு மாறி, பாதை வேறுபாட்டை 10 மைக்ரோமீட்டர் படிகளில் மாற்றலாம். ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டகம் நகரும் மேடையில் இருந்தால், மேடை நகரும் தூரத்தைப் போல் இருமடங்கு பாதை மாறும். எனவே மேடையை 5 மைக்ரோமீட்டர் மட்டுமே நகர்த்த வேண்டும்.

ஒவ்வொரு டிடெக்டரின் தனி எண்ணிக்கையையும் கூடவே குறித்து வாருங்கள். அதுவும் சேர்ந்து சரிந்தால் நீங்கள் பார்ப்பது குறுக்கீட்டு விளைவு அல்ல, மேடை நகரும்போது கற்றை விலகுகிறது என்றுதான் பொருள். தற்செயல் ஒருசேரல்களையும் (இணையல்லாத ஃபோட்டான்கள் தற்செயலாக ஒன்றாகப் பதிவதை) கழிக்க வேண்டும்: இரு டிடெக்டர்களும் நொடிக்கு 50,000 பதிவு செய்து, இரு பதிவுகளை ஒருசேர எனக் கொள்ளும் நேரச் சாளரம் 10 நானோநொடியாக இருந்தால், அவை நொடிக்கு 25 வரும்.

பள்ளத்தின் ஆழம் 50 சதவீதத்தைத் தாண்டினால் செவ்வியல் அலைகளைக் கொண்டு அதை விளக்க இயலாது. இறுதியாக, பள்ளத்தின் அடியில் மேடையை நிறுத்தி, அரையலைத் தகட்டை 45 பாகை திருப்புங்கள். ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் வந்தாலும், தளவிளைவால் வேறுபடுத்தி அறியக்கூடியவையாகிவிட்டதால், ஒருசேரப் பதியும் எண்ணிக்கை பழைய உயரத்துக்கே ஏறிவிடும்.