பழைய மேசி டிராக்டரின் முன்சக்கர பேரிங்கை மாற்றுவது

எங்கள் மேசி 1035 சேற்றுழவுக்கே அதிகம் போகிற வண்டி. பேரிங்கைக் காக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைத் தாண்டிச் சேற்றுத் தண்ணீர் போய்விட்டால் முன்சக்கர பேரிங் தாங்காது. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு முட்டுக் கொடுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது லொடலொட என்கிறதா? மாற்றிவிடுங்கள்.

மூடி, காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் ஊசி), நட்டு கழற்றினால் ஹப், அதாவது சக்கரத்தின் நடுக்குடம், வந்துவிடும். பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஹப்புக்குள் பழைய கப்பை (பேரிங் உருளைகள் ஓடும் வெளிவளையம்) விட்டுவைப்பது வீண் செலவு. தேய்ந்த கப் புது பேரிங்கையும் தின்றுவிடும். பித்தளைக் கம்பியால் சுற்றிலும் மாறி மாறித் தட்டுங்கள், புதுக் கப் கோணாமல் இறங்கும். ஆயில் சீலும் புதிதாகப் போடுங்கள். உள்ளங்கையில் கிரீஸ் எடுத்து, உருளைகளின் மறுபக்கம் பிதுங்கும் வரை பேரிங்கில் திணிக்க வேண்டும்.

அப்புறம் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, லேசாகத் தளர்த்துங்கள். ஆட்டமில்லாமல் தாராளமாகச் சுற்றினால் சரி, புதுக் காட்டர் பின் மாட்டலாம்.