வெற்றிடத்தில் மட்டும் ரீசெட் ஆன போர்டு

செயற்கைக்கோள் நம்பகத்தன்மைப் பிரிவில் இன்டர்ன்ஷிப் செய்தபோது என் கைக்கு வந்த க்யூப்சாட் (சிறிய பெட்டி வடிவச் செயற்கைக்கோள்) பவர் போர்டு, மேசைமேல் எவ்வளவு நேரம் ஓடினாலும் ஒன்றும் ஆகாது, வெற்றிட அறைக்குள் வைத்துச் சூடேற்றினால் மட்டும் கொஞ்ச நேரத்தில் ரீசெட் ஆகிவிடும். எல்லோரும் சாஃப்ட்வேரைச் சந்தேகப்பட்டார்கள் (வழக்கம்தானே). நான் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் சிப்மேல் ஒரு தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் உணரி) ஒட்டிப் பார்த்தேன். ரீசெட்டுக்குச் சற்று முன்னால் வெப்பம் விறுவிறுவென ஏறியது. காற்று இல்லாத இடத்தில் சூடு வெளியேற கடத்தலும் கதிர்வீச்சும்தான் வழி, இந்தச் சிப்போ அலுமினியச் சட்டத்தைத் தொடவே இல்லை. சூடு தாங்காமல் அது தானாக அணைந்திருக்கிறது.

சரி, சிப்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் ஒரு தெர்மல் பேட் வைத்தேன். கண்ட சிலிகான் பேடையும் வைத்துவிடாதீர்கள், வெற்றிடத்தில் ஆவி கக்கி கேமரா லென்ஸில் போய்ப் படியும். மொத்த எடை இழப்பு 1 சதவீதத்துக்குள்ளும், படியும் பொருள் 0.1 சதவீதத்துக்குள்ளும் இருக்கிறதா என்று டேட்டாஷீட்டில் பார்க்க வேண்டும்.

ரீசெட் நின்றது. அப்புறம் டீரேட்டிங் (உச்சவரம்புக்குக் கீழேயே பாதுகாப்பாக ஓட்டுவது) கணக்கு: ஜங்ஷன் (சிப்பின் உட்பகுதி) வெப்பத்துக்கு எல்லை 110 டிகிரி, அல்லது சிப்பின் உச்சவரம்புக்கு 40 கீழே, எது குறைவோ அது. எங்கள் சிப்புக்கு உச்சம் 125, ஆக 85. அந்த எல்லையை ஒட்டியே ஓடியதால் லோடையும் குறைக்கச் சொல்லி அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன்.