கண்ணாடிக் கடையில் லென்ஸுக்கு விலை போடுவதும் அதை எடுத்துச் சொல்வதும்: புதியவர்களுக்கு

புதிதாகக் கண்ணாடிக் கடை வைப்பவர்கள் ஃபிரேமுக்கு எப்படியோ விலை போட்டுவிடுகிறார்கள். லென்ஸில்தான் தடுமாறுகிறார்கள். ஃபிரேமை வாடிக்கையாளர் போட்டுப் பார்த்து, கண்ணாடியில் முகம் பார்த்து முடிவு செய்யலாம். லென்ஸில் அது நடக்காது. எழுநூறு ரூபாய் லென்ஸும் மூவாயிரம் ரூபாய் லென்ஸும் கவருக்குள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் கடையில் ஒரு விலை அட்டை கட்டாயம் வேண்டும்.

படி 1: பட்டியலைக் குறையுங்கள்

மொத்த வியாபாரி கொடுக்கும் பட்டியலில் ஐம்பது, அறுபது ரகம் இருக்கும். அதை அப்படியே மேசை மேல் வைத்தால் வருபவர் குழம்பி, "எதுல கம்மி?" என்று மட்டும்தான் கேட்பார். சிங்கிள் விஷன் (ஒரே பவர்), பைஃபோகல் (தூரத்துக்கும் படிக்கவும் இரண்டு பவர், நடுவில் கோடு), புரோகிரெசிவ் (கோடில்லாமல் பவர் மெல்ல மாறுவது) என்று மூன்று அட்டை போடுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று வரி போதும். மீதி ரகங்கள் உங்கள் நோட்டில் இருக்கட்டும், தேவைப்படும்போது எடுக்கலாம்.

வரியின் பெயரில் கம்பெனி வைத்த அலங்காரப் பெயர் வேண்டாம். "சாதாரண லென்ஸ், கீறல் தாங்கும் கோட்டிங்", "மெல்லிய லென்ஸ் 1.60, கூச்சம் குறைக்கும் கோட்டிங்" என்று அது என்ன பொருளோ அதையே எழுதுங்கள். 1.50, 1.60, 1.67 என்பதெல்லாம் லென்ஸ் எண், அது கூடக் கூட லென்ஸ் மெலியும்.

படி 2: மூன்றால் பெருக்காதீர்கள்

அடக்கவிலையை மூன்றால் பெருக்கி விலை சொல்வது நம் ஊரில் பழைய பழக்கம். விலை குறைந்த லென்ஸில் இது ஒத்து வரும். விலை கூடிய லென்ஸில்தான் ஆளை விரட்டிவிடும். லென்ஸ் எந்த விலையானாலும் கடை வாடகை, சம்பளம், ஃபிட்டிங் நேரம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதானே?

எண்களை வைத்துப் பார்ப்போம். இவை கணக்குப் புரிவதற்காகப் போட்டவை, உங்கள் கடை எண்கள் வேறாக இருக்கும். மாதச் செலவு 90,000 ரூபாய், மாதம் 150 கண்ணாடி போகிறது என்றால் ஒரு கண்ணாடிக்கு 600. பாதியை ஃபிரேம் மேல் போட்டால் லென்ஸ் தலையில் 300.

ஒரு ஜோடி சாதாரண லென்ஸ் 250 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். செலவு 300, உடைவதற்கும் திரும்பப் போட்டுக் கொடுப்பதற்கும் ஐந்து சதவீதம் 13 ரூபாய், ஆக 563. லாபம் 137 சேர்த்து 700. இதே கணக்கில் 2,000 ரூபாய் அடக்கமுள்ள 1.67 லென்ஸுக்கு: 2,000, 300, உடைசலுக்கு 100, லாபம் 400, மொத்தம் 2,800. மூன்றால் பெருக்கியிருந்தால் 6,000 சொல்லியிருப்பீர்கள், அவரும் "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று இறங்கியிருப்பார்.

பவர் லென்ஸுக்கும் ஃபிரேமுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம். அட்டையில் வரியும் ஃபிட்டிங்கும் சேர்த்த ஜோடி விலையைத்தான் போட வேண்டும். பில் போடும்போது புதிதாக ஒரு தொகை முளைத்தால் அதுவரை பேசியதெல்லாம் வீண். அதேபோல 4,000 என்று எழுதி அதை அடித்து 2,000 ஆக்கும் தள்ளுபடி நாடகமும் வேண்டாம். அடுத்த முறை வருபவர் 2,000-லிருந்துதான் பேரத்தை ஆரம்பிப்பார்.

படி 3: விலைக்கு முன் நாலு கேள்வி

பவர் எழுதிய சீட்டை வாங்கியதும் அட்டையை நீட்டாதீர்கள். "அண்ணா, ராத்திரி வண்டி ஓட்டுவீங்களா?", "நாள் பூரா கம்ப்யூட்டரா?", "பழைய கண்ணாடியில எது தொந்தரவு?" என்று கேளுங்கள். குழந்தைக்கு என்றால் கேள்வியே வேண்டாம், எளிதில் உடையாத பாலிகார்பனேட்தான். சுற்று விளிம்பே இல்லாத ரிம்லெஸ் ஃபிரேமுக்கும் அப்படித்தான், சாதாரண லென்ஸில் ஓட்டை போட்டால் அந்த இடத்தில் சீக்கிரம் விரியும்.

படி 4: தடிமனைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்

மெல்லிய லென்ஸ் விற்பதில்தான் கடைகள் அதிகம் பெயர் கெடுத்துக்கொள்கின்றன. பணம் கொடுத்தும் லென்ஸ் தடியாக வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

மைனஸ் 6 பவர், இரண்டு கருவிழிகளுக்கும் இடையே 62 மி.மீ. உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் 56-18 என்று காதுக்கம்பியில் அச்சடித்த பெரிய ஃபிரேமைத் தேர்ந்தெடுக்கிறார். ஒரு பக்க லென்ஸின் அகலம் 56, மூக்குப் பாலம் 18, கூட்டினால் 74. அவருக்கோ 62. வித்தியாசம் 12, ஒரு கண்ணுக்கு 6. ஆக லென்ஸின் மையத்திலிருந்து காதுப்பக்க விளிம்பு வரை 28-உம் 6-உம் சேர்ந்து 34 மி.மீ.

அந்தத் தூரத்தை வர்க்கமாக்கிப் பவரால் பெருக்குங்கள். லென்ஸ் எண்ணில் 1-ஐக் கழித்து வருவதை 2,000-ஆல் பெருக்கி, அதால் வகுங்கள். சாதாரண 1.50 லென்ஸில் நடுப்பகுதியைவிட விளிம்பு சுமார் 7 மி.மீ. கூடுதல் தடிமன் வரும். 1.67 லென்ஸில் சுமார் 5.

அவரையே 48-18 ஃபிரேம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தூரம் 26 ஆகிவிடும். சாதாரண லென்ஸிலேயே 4 மி.மீ.தான்! பெரிய ஃபிரேமில் விலை கூடிய லென்ஸ் போடுவதைவிடச் சின்ன ஃபிரேமில் சாதாரண லென்ஸ் மெலிதாக இருக்கிறது. இரண்டையும் மாற்றினால் 3. இதைச் சொல்லும் கடையை அவர் மறக்க மாட்டார். சோடாபுட்டிக் கண்ணாடி என்று பள்ளிக்கூடத்தில் கேலி கேட்டவராக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

மைனஸ் ஒன்றரைப் பவருக்கு இதே சின்ன ஃபிரேமில் கணக்குப் போட்டால் 1.50-க்கும் 1.67-க்கும் கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அங்கே மெல்லிய லென்ஸை விற்காதீர்கள்.

படி 5: கோட்டிங்கை ட்யூப்லைட்டின் கீழ் காட்டுங்கள்

பாதிக்கு மட்டும் கூச்சம் குறைக்கும் கோட்டிங் போட்ட மாதிரி லென்ஸ் ஒன்று வாங்கி வையுங்கள். ட்யூப்லைட்டின் கீழ் சாய்த்துப் பிடித்தால் ஒரு பாதியில் விளக்கு பளீரென்று தெரியும், மறுபாதியில் மங்கலாக ஒரு பச்சை நிழல் மட்டும். கோட்டிங் இல்லாத 1.50 லென்ஸ் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும், 1.67 என்றால் சுமார் 12. அதனால் மெல்லிய லென்ஸை இந்தக் கோட்டிங் இல்லாமல் அட்டையில் போடவே கூடாது.

நீல ஒளியை வடிகட்டும் ப்ளூ கட் லென்ஸ் விஷயத்தில் வாயை அடக்குங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பு 17 சோதனைகளை அலசி, கம்ப்யூட்டர் பார்ப்பதால் வரும் கண் சோர்வு குறுகிய காலத்தில் இதனால் குறைவதாகத் தெரியவில்லை என்றது. கேட்பவருக்குக் கொடுங்கள், "கண்ணைக் காப்பாற்றும்" என்று சொல்லி விற்காதீர்கள். வெயிலில் கறுக்கும் லென்ஸ் கேட்பவரிடம் காருக்குள் அது சரியாகக் கறுக்காது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். முன்கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடுகிறது.

படி 6: புரோகிரெசிவுக்குத் தனி நேரம்

வெள்ளெழுத்து வந்தவருக்குக் கோடு போட்ட பைஃபோகலா, கோடில்லாத புரோகிரெசிவா என்பது பெரிய முடிவு. புரோகிரெசிவில் ஓரங்கள் கொஞ்சம் கலங்கும், படி இறங்கும்போது முதலில் தடுமாறும், பழகச் சில நாள் ஆகும். மூன்றையும் முன்பணம் வாங்குவதற்கு முன்னே சொல்லுங்கள். அளவு தவறினால் திரும்பப் போட வேண்டிவரும், ஆகவே இந்த அட்டையில் உடைசல் சதவீதத்தை இரட்டிப்பாக வையுங்கள்.

படி 7: ஒன்றைப் பரிந்துரைத்துவிட்டு நிறுத்துங்கள்

மூன்று வரியையும் காட்டி, "உங்க பவருக்கு நடுவுல இருக்கறது போதும்க்கா, ராத்திரி ஸ்கூட்டி ஓட்டறதால கோட்டிங் மட்டும் விடாதீங்க" என்று காரணத்தோடு ஒன்றைச் சொல்லுங்கள். அப்புறம் பேசாதீர்கள், அவர் யோசிக்கட்டும். கீழ் வரியைத் தேர்ந்தெடுத்தால் முகம் மாறாமல் எழுதுங்கள்.

பில்லில் லென்ஸ் எண், கோட்டிங், திரும்பப் போட்டுத்தரும் கெடு மூன்றையும் எழுதி, லென்ஸ் வந்த கவரையும் கண்ணாடியோடு சேர்த்துக் கொடுங்கள். மொத்த விலை ஏறும்போது அட்டையைப் புதிதாக அச்சடியுங்கள். பழைய விலை மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் எல்லோரும் முதலில் அதைத்தான் சுரண்டிப் பார்ப்பார்கள்.